புகையாத கரி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மூன்று மணி பத்து. ஹட்டன் நகரத்தில், ஜமால்தீனின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், சுலக்ஷனா செத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது தெரியாது. இரண்டு போர்வைக்குள் முழங்காலை மடக்கிப் படுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் டின்னுக்குள் சிவந்து கிடந்த தணலைப் பார்த்தபடியே கண்ணை மூடியிருந்தாள். மழை ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே சொட்டுக் குளிர் இல்லை. நல்ல தூக்கம் வருகிறது என்று மட்டும் நினைத்தாள்.

அவளைக் கொன்றுகொண்டிருந்தது வெளியாள் யாரும் இல்லை. அந்த டின்னில் கரியை நிரப்பி, ஊதி ஊதிக் கனியவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனவன் அவள் புருஷன் நிரஞ்சன். அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இருவரும் அந்த வீட்டுக்குக் குடிவந்து இருபத்தாறு நாள்தான் ஆகியிருந்தது.

வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்கிற ஒரு குசினி. அவ்வளவுதான். ஆனால் சுலக்ஷனா டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவள். நிரஞ்சன் கொத்மலைப் பக்கத்து லயம். ஒரே கூரையின் கீழே வரிசையாகப் பத்து அறை, பத்துக் குடும்பம். ஒருவர் தும்மினால் மூன்றாவது அறையிலிருந்து 'நூறாயுசு' என்று குரல் வரும். கல்யாணமாகி நான்கு மாதம் நிரஞ்சனின் வீட்டில், ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் குசுகுசுத்தே குடித்தனம் நடத்தினார்கள். பிறகுதான் ஹட்டனில் அவனுக்கு போன் திருத்தும் கடையில் வேலை, அவளுக்குத் துணிக்கடையில் வேலை, இந்த மூன்றாம் மாடி.

வந்த முதல் நாள் சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டு, அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள்.

“என்னா செய்றீங்க மேடம்?”

“பூட்டிப் பாக்குறேன்.”

“இங்க யாரு வரப்போறா?”

“யாரும் வரமாட்டாங்கல்ல? அதான் பூட்டுறேன்.” திரும்பி, சத்தமாகச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டாள். எந்தச் சுவரிலிருந்தும் பதில் இல்லை. “என்னங்க, நம்ம சிரிச்சா ஒருத்தருக்கும் கேக்கல!”

அவர்களுக்குக் கீழே இரண்டாம் மாடி முழுக்க ஜமால்தீனின் குழாய்களும் சீமெந்து மூட்டைகளும்தான். கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. அன்றைக்கு அது ஒரு வரமாகப் பட்டது.

போனில் பாட்டுப் போட்டு ஆடினார்கள். கடைப் பராட்டாவை ஒரே தட்டில் வைத்துச் சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். அவள் நீல நிறத் திரைச்சீலை தைத்தாள். அவன் சுவரில் ஆணி அடித்தான். ஒன்றுதான் ஒத்துவரவில்லை, குளிர். ஆனி மாதத்து மழையும் பனிமூட்டமும் அந்த கொங்கிரீட் கூரையில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தன. ஜன்னல் ஓரத்தில் காற்று விசிலடித்தது. ஜன்னலுக்கு மேலே சுவரில் இருந்த காற்றுத் துவாரங்கள் வழியாக மூடுபனி உள்ளேயே வந்தது.

நிரஞ்சன் கைவேலைக்காரன். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஸ்பொஞ்சுப் பட்டி ஒட்டினான். கதவின் அடியில் ரப்பர் வைத்தான். துவாரங்களுக்கு அட்டை வெட்டி வைத்து, மேலே அகல டேப்பை இழுத்து ஒட்டினான். எல்லாம் கீழ்க் கடையில் வாங்கியதுதான்.

“என்ன மகன், மேல கப்பலா கட்டுறீங்க?” ஜமால்தீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இது நாலாவது ரோல் டேப்பு.”

“ஓட்டையாலெல்லாம் காத்து வருது முதலாளி.”

“காத்து வாரதுக்குத்தானே ஓட்ட வச்சீக்கிறேன்!”

“நீங்க வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க முதலாளி, அப்புறம் தெரியும்.”

அவர் சிரித்துக்கொண்டே டேப்பைக் கொடுத்தார்.

கடைசித் துவாரம் அடைபட்ட மறுநாள், ஒரு சனிக்கிழமை, சுலக்ஷனாவின் அம்மா மீனம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலையில் ஒரு சாக்கு.

“தேயிலக் கட்டக் கரி. பழைய மலைத் தேயிலச் செடியெல்லாம் பிடுங்கிப் போட்டாங்கல்ல, அந்தத் தூரெல்லாம் எரிச்சு எடுத்தது. புகையவே புகையாது. ஒன்னோட புதுத் திரைச்சீல கறுக்காது, பாரு.”

லயத்தில் பிறந்தவர்களுக்குக் குளிர் என்றால் தணல்தான். ஒரு பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, கரியைக் கனியவைத்து, படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு எதிரி புகை. கண்ணைக் கரிக்கும், நெஞ்சை அடைக்கும், துணியை நாறடிக்கும். அதனால் நெருப்பின் நல்லது கெட்டதை அவர்கள் புகையை வைத்தே அளந்தார்கள். புகைந்தால் கெட்டது. புகையாவிட்டால் பயமில்லை.

லயத்துச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கையகல இடைவெளி இருக்கும். எத்தனை சாக்கைத் திணித்தாலும் அது அடைபடாது. அந்த இடைவெளியால்தான் இத்தனை காலமும் உயிரோடு இருக்கிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம், மீனம்மா திரும்பி பஸ் ஏறிய பிறகு, முதல் தணல். அதன் மேலேயே சோளம் வாட்டினார்கள். சுலக்ஷனா ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தாள்.

“பெரிய ஹோட்டல் மாதிரி இருக்குங்க.”

“பில்லு கொண்டுவரச் சொல்லட்டா?”

“கன்னத்துல குடுத்துர்றேன், வாங்க.”

மறுநாள் காலை இருவருக்கும் தலை கனத்தது. ராத்திரி அதிக நேரம் பேசிக்கொண்டிருந்ததால் என்று சொல்லிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் வாந்தி எடுத்தாள். மீனம்மாவுக்கு போன் போனது.

“தலகிலி சுத்துதா?”

“சுத்துதும்மா.”

“குளிச்சு எத்தன நாளாச்சு?”

சுலக்ஷனா விரலை மடக்கினாள். “பத்து நாள் தள்ளிப் போயிருக்கு.”

அந்தப் பக்கம் மீனம்மா போட்ட கூச்சலில் நிரஞ்சனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த பத்து நிமிஷம் உத்தரவுகள். மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது. முக்கியமாக, உடம்பில் குளிர் படவே கூடாது.

புதன்கிழமையிலிருந்து அவள் லீவு. புதன்கிழமையிலிருந்து தணல் பகலிலும் எரிந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் நிரஞ்சனே டின்னை நிரப்பினான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து மறுபடி நிரப்பினான். அவனுக்கும் தலை இடித்தது. கடையில் ஈயம் உருக்கும் புகையாக இருக்கும் என்று அதன்மேல் பழியைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் அடம்பிடித்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். ஒரு மணி நேரம் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

“கும்பிட்டதும் தலவலி போயிருச்சுங்க. சாமி நம்ம பக்கம்.”

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் அது திரும்பி வந்தது. சாமியைக் கூப்பிட்டுக் கேட்கவா முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கால் துவண்டது. பேச்சு கொஞ்சம் குழறியது. நிரஞ்சனுக்குக் கடை லீவு. காலையிலிருந்து அவனும் அந்த அறைக்குள்ளேயே இருந்து, இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாள். பிற்பகல் இரண்டே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

“நான் பாமசிக்குப் போய் அந்த டெஸ்ட் வாங்கிட்டு வர்றேன், சுலா. இன்னைக்கே பாத்துருவோம்.”

“மழ கொட்டுதே.”

“அரை மணித்தியாலம். நீ தூங்கு.” டின்னை விளிம்புவரை நிரப்பினான். ஊதினான். கரி கண்ணைத் திறந்தது.

“கதவ நல்லா சாத்திட்டுப் போங்க,” என்றாள். அவன் போன பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கு மிகப் பிடித்த வேலை அது.

பாமசியில் கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்கள் வேறு. நிரஞ்சன் முறை வர இருபது நிமிஷம் ஆனது. கவுண்டரில் அஸ்மியா. கணீரென்ற குரல்காரி, எதையும் ரகசியமாகக் கேட்க முடியாது.

“புள்ள டெஸ்ட்டா அண்ணே? நல்ல விஷயம்! வேற?”

“பனடோல் ரெண்டு கார்ட்.”

“அக்காவுக்குன்னா டொக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் குடுக்கணும்.”

“இல்ல, எனக்குத்தான். ஒரு கிழமையா தலவலி. காலைல ரெண்டு தடவ வாந்தி வேற.”

அஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. “அப்ப டெஸ்ட் ரெண்டு தரட்டா அண்ணே? ஒண்ணு அக்காவுக்கு, ஒண்ணு ஒங்களுக்கு!”

வரிசை முழுக்கச் சிரித்தது. நிரஞ்சனும் சிரித்தான். பாதியில் அவன் சிரிப்பு நின்றுபோனது.

தலை இப்போது இடிக்கவில்லை.

எப்போது நின்றது? படி இறங்கி, மழைக் காற்றில் நடந்து, இங்கே நின்ற இந்த நேரத்துக்குள். கடையில் இருக்கும்போதும் பத்து மணிக்கெல்லாம் விட்டுவிடும். மத்தியானம் வீட்டுக்குப் போய் வந்தால் மறுபடி பிடிக்கும். அப்படியானால் ஈயப் புகை இல்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை கோயிலில் விட்டது. வீட்டுக்கு வந்ததும் பிடித்தது.

ஒரே அறை. இரண்டு தலை. இது மசக்கை இல்லை.

எப்போதோ போனில் பார்த்துத் தள்ளிவிட்ட ஒரு செய்தி ஞாபகம் வந்தது. பூட்டிய அறை, உள்ளே ஓடிய ஜெனரேட்டர், காலையில் மூன்று உடல்கள். அடைத்த அறையில் எது எரிந்தாலும் வருகிற அந்த விஷவாயுவுக்கு வாசனையும் இருக்காது, புகையும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள்.

போனை எடுத்து அவளுக்கு அடித்தான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அண்ணே, சாமான்!” என்று அஸ்மியா கத்தியபோது அவன் தெருவில் இருந்தான்.

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து அலறி நின்றது. யாரோ திட்டினார்கள். மூன்று மாடிப் படியையும் எப்படி ஏறினான் என்று அவனுக்குத் தெரியாது. கதவைத் தள்ளினான். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள். நீளமான திருகாணி போட்டு அவனே இறுக்கிய தாழ்ப்பாள்.

“சுலா! சுலா!”

லயமாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஒன்பது கதவு திறந்திருக்கும். இங்கே குழாய்களும் சீமெந்து மூட்டைகளும் கேட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தன.

தோளால் இடித்தான். இடித்தான். பிறகு மூன்று மாடியும் இறங்கிக் கடைக்குள் பாய்ந்தான்.

“முதலாளி, அலவாங்கு! கதவ ஒடைக்கணும். அவ உள்ள...”

ஜமால்தீன் கல்லாவை விட்டு எழுந்தார். சுவரில் சாய்ந்திருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு, அறுபது வயதில் அவனுக்கு முன்னால் படி ஏறினார். மூன்றாவது நெம்பில் தாழ்ப்பாள் பிய்ந்து பறந்தது.

அறை கதகதப்பாக இருந்தது. தணல் அழகாகச் சிவந்திருந்தது. ஜமால்தீன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “புகையொண்ணும் இல்லையே மகன்? தூங்குறாங்க போல...”

“உள்ள நிக்காதீங்க முதலாளி! மூச்சப் பிடிங்க!”

நிரஞ்சன் அலவாங்கைப் பிடுங்கி ஜன்னலில் வீசினான். கண்ணாடி நொறுங்கி மழை உள்ளே பாய்ந்தது. போர்வையோடு அவளை அள்ளினான். தலை அவன் கைக்கு மேல் தொங்கியது. பொம்மைக்கு இருக்கிற கனம்கூட அந்த உடம்பில் இருப்பதாகத் தோன்றவில்லை. படிக்கட்டு முடிவில், சாரல் அடிக்கிற இடத்தில் கிடத்திக் கன்னத்தில் தட்டினான்.

ஒன்றுமில்லை.

“அல்லாஹ்... மூக்குல கைய வைங்க மகன்.”

வைத்தான். விரலில் ஏதோ பட்டது. காற்றா, மூச்சா என்று தெரியவில்லை. மறுபடி பட்டது.

“வேன எடுங்க முதலாளி!”

டிக்கோயா ஆஸ்பத்திரியில் முகமூடியைப் போட்டு ஒக்சிஜன் கொடுத்தார்கள். நிரஞ்சனுக்கும் ஒன்று போட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். மாலை ஐந்தரைக்குச் சுலக்ஷனா கண்ணைத் திறந்தாள். தன் பெயரைச் சரியாகச் சொன்னாள். கை, கால் அசைத்தாள்.

பெண் டொக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“கரி எத்தன நாளா எரிச்சீங்க?”

“ஒம்பது நாள்.”

“ராத்திரி மட்டுமா?”

“மொத நாலு நாள் ராத்திரி. அப்புறம் பகல்லயும்... நான்தான்...”

அவர் அதை எழுதிக்கொண்டார். “உங்க வைஃப் பொழைச்சிட்டாங்க. இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.”

நிரஞ்சன் வார்டுப் பக்கம் திரும்பினான்.

“இன்னொண்ணு. டெஸ்ட் பண்ணினோம். அவங்க கர்ப்பம்தான். ஆறு கிழம இருக்கும்.”

அதைச் சொல்லும்போது டொக்டர் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“அம்மாவோட ரத்தத்துல இருந்து அந்த வாயு சீக்கிரம் போயிரும். உள்ள இருக்கிற புள்ளைக்கு அவ்வளவு லேசாப் போகாது. ஒம்பது நாள்ல அதுக்கு என்ன ஆகியிருக்கு, ஆகலயான்னு இப்ப யாராலயும் சொல்ல ஏலாது. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஸ்கேன் பண்ணிப் பண்ணித்தான் பாக்கணும்.”

“எப்பத் தெரியும் டொக்டர்?”

“காத்திருக்கணும்.”

வார்டுக்குள் போனான். நர்ஸ் முந்திக்கொண்டு நல்ல செய்தியைச் சொல்லியிருந்தாள். நல்ல செய்தியை மட்டும். சுலக்ஷனாவின் கண்கள் முகமூடிக்கு மேலே மின்னின. அவனைப் பார்த்ததும் முகமூடியை விரலால் தூக்கினாள்.

“கேட்டீங்களா? நெசமாவே நிக்குதாம். அம்மாவுக்குப் போன் போட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“போடுங்க. அப்பிடியே இன்னொரு மூட்ட கரி கட்டி வைக்கச் சொல்லுங்க. மாசில பொறக்கும்னு நர்ஸ் சொல்றாங்க. அந்தக் குளிருக்குப் பச்சப் புள்ள தாங்குமா?”

அவன் முகமூடியை எடுத்து அவள் மூக்கில் பழையபடி பொருத்தினான். ரப்பர் நாடாவை அவள் காதுக்குப் பின்னால் சரிசெய்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னங்க, மூஞ்ச இப்பிடி வச்சிருக்கீங்க? சிரிங்களேன்.”

அவன் சிரித்தான். அவள் கண் அசந்து மூடும்வரைக்கும் அந்தச் சிரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.