ஒன்பதாம் மாடிக் கடிகாரம்

ஆய்வகத்தில் அவருக்கு ‘நொடி’ என்று பட்டப்பெயர். அடித்தளத்தில் ஒன்றும் மொட்டை மாடியில் ஒன்றுமாக இரண்டு அணுக் கடிகாரங்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. பூமியின் இழுப்பு கீழே ஒரு மயிரிழை அதிகம் என்பதால் அங்கே காலம் மெதுவாக நகரும். மேலே இருப்பது முந்திக்கொள்ளும். அந்த வித்தியாசத்தை முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் கோட்டை விட்டதில்லை.

ஆஸ்பத்திரியின் ஒன்பதாம் மாடியில் கிடந்த மனைவி, டாக்டர் கைவிரித்த அன்று கேட்டாள்.

"என்னைக் கீழ் வார்டுக்கு மாத்தச் சொல்லுங்களேன். அங்க நேரம் மெதுவாப் போகும்னு நீங்கதானே சொல்வீங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு மாசம் கீழ படுத்தாலும், ஒரு நொடியை நூறு கோடியாப் பிரிச்சா அதுல ஒன்பது பங்குதான் மிச்சமாகும். அதை வச்சு என்ன பண்ணுவ?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் மூச்சு நின்றது. நர்ஸ் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரம் அது. சேர்த்த நாளிலிருந்து அதைத் திருத்தச் சொல்லி எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவர் அவர்தான்.

"பத்து இருபதுன்னு எழுதிக்கிறேன் சார். சரிதானே?"

அவருடைய கைக்கடிகாரம் பத்து பதினாறு காட்டியது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"சரிதாம்மா. அப்படியே எழுதுங்க."