மணி அடித்ததும் வந்த கேஜ்

ஆண்டர்சன்பேட்டைக் கொட்டகையில் சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்பு வார நாடகத்தின் முதல் ஆட்டம். கடைசி பெஞ்சில் ஏசுபாதம் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலு பேருக்கு இடமிருந்தும் யாரும் வந்து உட்காரவில்லை. ஒன்றரை வருஷமாக அப்படித்தான்.

மேடையில் பாறை சரிந்து, சுரங்கத் தொழிலாளி வேஷம் போட்ட ஹரோல்டின் இடது கால் நசுங்கியது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கட்டு வலது காலுக்கு வந்திருந்தது. போதாததற்கு, நினைவு தப்பிக் கிடந்தவனே இடுப்பைத் தூக்கி ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டான். ஏசுபாதத்துக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ரூமில் முதலுதவி பார்த்தவர் அவர். ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டினால், கட்டிய நேரத்தை, ஈரம் பட்டால் மை போல எழுதும் காப்பியிங் பென்சிலால் அடிபட்டவன் நெற்றியில் எழுத வேண்டும். ஹரோல்டின் நெற்றியில் பவுடர்தான் இருந்தது.

பிறகு ஒருவன் மணிக்கயிற்றை இழுத்தான். இழுத்த கை கீழே இறங்குவதற்குள், சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் ஏற்றியிறக்கும் கேஜ் வந்து நின்றது. ஆனாலும் அடிபட்டவன் செத்தான். டாக்டர் வேஷம் போட்டவர் சபையைப் பார்த்து, "கட்டு சரியில்லை. முதலுதவிக்காரர் கவனமா இருந்திருந்தா பிழைச்சிருப்பான்" என்றார். முன்வரிசைகளில் சில தலைகள் திரும்பி ஏசுபாதத்தைப் பார்த்தன. அவருக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அது ஒன்றரை வருஷத்துக்கு முன் சுரங்கத்தில் அடிபட்டுச் செத்த ராஜப்பாவின் கதை. அன்று சுரங்கத்துக்குள் ஏசுபாதம் கட்டுப் போட்டது பத்து இருபதுக்கு. நண்பனின் நெற்றியில் எழுதிவிட்டு மணி அடித்தார், திரும்பத் திரும்ப அடித்தார். கேஜ் கல் ஏற்றிக்கொண்டிருந்தது. அது கீழே வந்தபோது மணி பதினொன்று ஐந்து. கட்டு தாங்கியது, ராஜப்பா தாங்கவில்லை. விசாரணைக்காரர்கள் வருவதற்குள் உடம்பைக் கழுவி வெள்ளைத்துணி சுற்றியிருந்தார்கள். கேஜ் உடனே வந்தது, கட்டுதான் தளர்ச்சி என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். ஏசுபாதத்தை விளக்கு ரூமுக்கு, சுரங்க விளக்குகளின் கண்ணாடி துடைக்க மாற்றினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். ராஜப்பாவின் மனைவி பாப்பம்மா அவரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை, நாடகம் எழுதிய, சுரங்கத்து டைம் ஆபீஸ் கிளார்க் சிரிலின் வீட்டு வாசலில் நின்றார்.

"நாலு தப்பு இருக்குது தம்பி."

"சொல்லுங்கண்ணே, மாத்திக்கலாம்" என்று சிரில் பென்சிலை எடுத்தான். கால், ஸ்ட்ரெச்சர், நெற்றி எழுத்து என்று ஏசுபாதம் சொல்லச் சொல்ல மும்முரமாக எழுதிக்கொண்டான்.

"நாலாவது, கேஜ். அது அவ்ளோ சுருக்கா வராது. மணி அடிச்சுனே இருக்கணும், வரக்கூடாது."

பென்சில் நின்றது. "அது மட்டும் வேணாண்ணே. ஆபீஸ்ல படிச்சுப் பாத்து சீல் போட்டுக் குடுத்தாங்க. தொட்டா என் வேலை பூடும்."

"இன்னிக்கு ஆட்டத்துக்குப் பாப்பம்மா வருது தம்பி. முன் வரிசையில உக்கார வெச்சு மாலை போடப்போறாங்களாம்."

"தெரியும்ணே." சிரில் தலையைத் தூக்கவில்லை. "கட்டு நீங்களே வந்து கட்டிவிடுங்க. அத்த நான் பாத்துக்கிறேன்."

அன்று சாயங்காலம் திரைக்குப் பின்னால் ஏசுபாதம் ஹரோல்டின் இடது காலில் கட்டினார். கட்டி முடித்ததும் விரல் தானாக முடிச்சைச் சோதித்தது. பென்சில் நுனியை நாக்கில் ஈரமாக்கி, நெற்றியில் பெரிதாக எழுதினார்: 10-20. சபை பார்க்கும், பாப்பம்மாவும் பார்ப்பாள் என்று மனசுக்குள் ஒரு சின்ன ஆசை.

ஆட்டத்தில் ஒரு பிசகும் இல்லை. கால் மாறவில்லை. அடிபட்டவன் அசையாமல் கிடந்தான். நெற்றி எழுத்து கடைசி பெஞ்சுக்கும் தெரிந்தது. நிஜமாகவே நடப்பது போல இருக்கிறதென்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மணி ஒரு தரம் அடித்தது. கேஜ் வந்து நின்றது. திரைச்சீலை இடுக்கு வழியாக ஏசுபாதம் பார்த்தார். பாப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வந்து நின்ற அந்தக் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் ஹரோல்ட் முகம் கழுவினான். தண்ணீர் பட்டதும் பென்சில் எழுத்து ஊதாவாகக் கலங்கி மூக்கில் வழிந்தது.

"இன்னாண்ணே இது, போவவே மாட்டேங்குது?"

ஏசுபாதம் கல்லின் மேலிருந்த சோப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"தேய், போயிடும்" என்றார். "அன்னிக்கும் போயிடுச்சு."