வராதவர்களின் வருகைப் பதிவேடு

எகிப்தின் தமன்ஹூர் நகரில் ஒரு பள்ளியின் மேல்மாடிக் கூடத்தில், சமூக அறிவியல் ஆசிரியர்களின் தொழில்திறனை மேம்படுத்துவதற்காக மூன்று நாள் பயிற்சி நடந்தது. பதிவேட்டின்படி அதில் கலந்துகொண்டவர்கள் நாற்பது பேர். கூடத்தில் இருந்த நாற்காலிகள் இருபத்திரண்டு. இந்த முரண்பாடு முதல் இரண்டு நாட்களும் யார் கண்ணிலும் படவில்லை. ஏனெனில் இருபத்திரண்டு நாற்காலிகளும் ஒருமுறைகூட நிரம்பவில்லை.

ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. அந்தப் பருவத்தில் தனிவகுப்பு எடுக்காத ஆசிரியரை எங்கள் ஊரில் வலை இல்லாத மீனவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஆகவே நாங்கள் காலையில் வந்து, தேநீர் குடித்து, ஒருவர் உடல்நலத்தை ஒருவர் விசாரித்துவிட்டு, பத்து மணிக்குள் அவரவர் மாணவர் வீடுகளுக்குக் கலைந்துவிடுவோம். சிலர் அந்தத் தேநீருக்கும் வருவதில்லை. காலைக் கையெழுத்து, பிற்பகல் கையெழுத்து இரண்டையும் வரலாற்று ஆசிரியை இன்ஸாஃப் பார்த்துக்கொள்வார். எல்லோருக்கும் அவர் 'அப்லா'. எங்கள் ஊரில் ஆசிரியை என்றால் அப்லா, ஆசிரியர் என்றால் உஸ்தாஸ். முப்பது ஆண்டுகள் மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து விடைத்தாள் திருத்தியதில், வட்டாரத்திலுள்ள எல்லா ஆசிரியர்களின் கையெழுத்தும் அவர் விரல்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

"அப்லா, நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆவோம்?" என்று கிளம்பும்போது யாராவது கேட்பார்கள்.

"பயிற்சி பெற்றவங்களா ஆவீங்க," என்பார் அவர், தலை நிமிராமல்.

குளத்துத் தவளைகள் மழையை அழைக்கக் கூட்டம் போட்டனவாம். வர முடியாத தவளைகளுக்காக ஒரே தவளை நாற்பது குரலில் கத்தியதாம். மழை வந்தது. கத்தியது யார் என்று மழை கேட்கவில்லை. கொக்கு வந்திருந்தால் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் கெய்ரோவிலிருந்து பயிற்றுநர் டாக்டர் மைஸா வந்தார்.

அன்று சான்றிதழ் வழங்கும் நாள் என்பதால் முப்பத்தொன்பது பேர் வந்திருந்தோம். நாற்காலி கிடைக்காதவர்கள் சன்னல் திட்டில் அமர்ந்தார்கள். இன்ஸாஃப் முதல் வரிசையில் இருந்தார். அவருக்கு அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமன்று. அவருடைய பள்ளியில் முதுநிலை ஆசிரியர் பதவி ஜூன் மாதம் காலியாகும் என்று தெரிந்திருந்தது. போட்டியில் இருந்தவர்கள் இருவர்: வரலாற்று ஆசிரியை இன்ஸாஃப், புவியியல் ஆசிரியர் ஷவ்கி. சான்றிதழ் இல்லாதவர் பெயர் பட்டியலிலேயே ஏறாது. இன்ஸாஃப் ஓய்வுபெற நான்கு ஆண்டுகளே இருந்தன. அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அவர் வீட்டில் இருப்பார்.

டாக்டர் மைஸா படக்கருவியை இயக்கிய நொடியில் மின்சாரம் போயிற்று. நகலெடுக்க வேண்டிய தாள்கள் நகலெடுக்கப்படவில்லை. காகிதத்தை ஆசிரியர்களே கொண்டுவர வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பரவாயில்ல. வரலாற்று ஆவணத்தை எப்படி விசாரிக்கிறதுங்கிறதுதானே இன்னைக்குப் பாடம். அதுக்கு ஏதாவது ஒரு ஆவணம் இருந்தாப் போதும். இதோ, இதுவே போதுமே."

மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டை எடுத்து, கரும்பலகையில் விரித்து மாட்டினார். இன்ஸாஃபின் தேநீர்க் குவளை வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"நாலு கேள்வி. எழுதினது யாரு? எப்போ? யாருக்காக? எதைச் சொல்லாம விட்டிருக்கு? எழுந்து வாங்க, பக்கத்துல வந்து பாருங்க."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு நேர்ந்ததுதான் எங்கள் தொழிலின் சாபம். பாடநூலைத் தவிர வேறு ஆவணத்தைத் தொட்டே அறியாத முப்பத்தொன்பது பேருக்கு, வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உண்மையான ஆவணம் கிடைத்தது. அது எங்களுடைய குற்றத்தின் ஆவணம் என்பதையே மறந்து, பலகையைச் சுற்றி மொய்த்தோம்.

"எல்லாம் ஊதா மை!" என்றார் ஒருவர்.

"நாலு பத்தியிலயும் ஒரே அழுத்தம். ஒரே மூச்சுல போட்டிருக்காங்க."

"இந்த மூலையில எண்ணெய்க் கறை. தஅமிய்யா வடை தின்னுக்கிட்டே எழுதியிருக்காங்க."

"இங்க பாருங்க, பதினேழாவது பேரு! ஃபுஆத் அப்துல் மக்ஸூத்!"

ஃபுஆத் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே குவைத்துப் பள்ளி ஒன்றுக்குப் பணிக்குப் போனவர். பழைய பட்டியலையே அச்சடித்ததால் அவர் பெயரும் இருந்தது. இன்ஸாஃப் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடுகிறவர் அல்லர்.

"ரெண்டு நாளும் காலைல வந்து சாயங்காலம் திரும்பியிருக்கார்," என்றார் ஷவ்கி. "செங்கடலைத் தாண்டி, மொத்த அரேபியாவையும் தாண்டி."

"புவியியல்காரங்க எப்பவும் தூரத்தையே பார்ப்பீங்க. அந்த மனுஷனோட ஆர்வத்தைப் பாருங்க!"

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஊதாப் பேனா யார்கிட்ட இருக்கு?"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஷவ்கியின் சட்டைப் பையில் ஊதாப் பேனா ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் புதிரை நிரப்ப அவர் இன்ஸாஃபிடம் இரவல் வாங்கியது அது. ஷவ்கி பையைப் பொத்திக்கொண்டார். அது அவருடைய நிலையை மேலும் கெடுத்தது.

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா இது என்னோடது இல்ல!"

"பிடிபட்டவங்க எல்லாரும் சொல்றதுதான் உஸ்தாஸ்."

டாக்டர் மைஸாவின் முகத்தில் சிரிப்பு மறைந்திருந்தது. "இது விளையாட்டு இல்ல. ஒருத்தரே எல்லாருக்கும் போட்டிருந்தா சான்றிதழ் கிடையாது. அதோட தண்டனை இடமாற்றம்." அவர் ஷவ்கியை நோக்கி நடந்தார்.

இன்ஸாஃப் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். போட்டியாளர் பட்டியலிலிருந்து விழுவார்; பதவி தானாக வந்து மடியில் அமரும். அவர் அதை நன்றாகவே எண்ணிப் பார்த்தார் என்று பின்னாளில் எங்களிடம் ஒப்புக்கொண்டார். குவளையைக் கீழே வைத்து, மீண்டும் எடுத்து, மீண்டும் வைத்தார். ஆனால் பின்வரிசைக்காரர்கள் "நிரூபணமாயிடுச்சு, நிரூபணமாயிடுச்சு" என்று மேசையைத் தட்டியபோது அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன நிரூபணம்?" என்று எழுந்தார். "பையில பேனா இருந்தா, சட்டைக்குப் பை இருக்குன்னுதான் அர்த்தம். இப்படியா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறீங்க? வெக்கமா இல்ல?"

பலகையருகே சென்று சுட்டுவிரலால் காட்டினார். "உஸ்தாஸ் ஷவ்கி இடதுகைக்காரர். நாம எழுதுறது வலமிருந்து இடமா, அதனால அவர் கை மைமேல படவே படாது. இங்க வரிக்கு வரி மை இழுத்திருக்கு, இது வலதுகை. இதை எழுதினவங்களுக்கு நாற்பது பேர் கையெழுத்தும் தெரியும். அதுக்கு நாற்பது பேரும் திருத்திக் கையெழுத்துப் போட்ட விடைத்தாளை வருஷக்கணக்காப் பார்த்திருக்கணும். இந்த மண்டலத்துல அப்படி ஒரே ஆள்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான்தான்."

சன்னல் திட்டிலிருந்த இருவர் மெல்ல இறங்கினார்கள்.

டாக்டர் மைஸா பதிவேட்டைக் கழற்றி, கடைசி வரிவரை விரலோட்டி வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. பயிற்றுநர் கையெழுத்து, இரண்டாம் நாள்: மைஸா.

"நேத்து நான் இங்க இருந்தேனா?"

"நேத்து அட்டவணையில உங்க பேருதான் போட்டிருந்தாங்க, டாக்டர்," என்றார் இன்ஸாஃப், குரல் தாழ்ந்து. "பத்து மணி வரைக்கும் நீங்க வரல. கட்டம் காலியா இருந்தது. பார்க்க நல்லா இல்லையேன்னு..."

"கெய்ரோவுல என் தங்கச்சியோட நிச்சயதார்த்தம்," என்றார் டாக்டர் மைஸா, எவரும் கேளாமலே. கையெழுத்தை இன்னும் ஒருமுறை பார்த்தார். "என்னோடதைவிட இது அழகா இருக்கு."

பிறகு நாற்காலியில் அமர்ந்து, தம்முடைய பெயரைக் கோடிட்டு அடித்து, அருகில் 'வரவில்லை' என்று எழுதினார். பேனாவை மேசையின் விளிம்பில் வைத்தார். "உண்மையா இருந்தவங்க பேரை அப்படியே விடுங்க. மத்தவங்க அவங்கவங்களே அடிங்க."

இப்படியொரு அறிவுரையை நாங்கள் அதுவரை எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பயிற்றுநரே அடித்துவிட்ட பின் மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனோம், நானும் போனேன். ஃபுஆதை ஷவ்கி அடித்தார், ஊரில் இல்லாத அண்டை வீட்டாரின் கதவைச் சாத்துகிற அக்கறையோடு. முடிவில் பக்கம் முழுவதும் கோடுகள். நான்கு பத்திகளிலும் அடிபடாமல் நின்றது ஒரே பெயர். எல்லோருக்கும் கையெழுத்திடுவதற்காக இரண்டு நாளும் காலைமுதல் மாலைவரை அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் இன்ஸாஃப்தான்.

சான்றிதழ்கள் நாற்பதும் முந்தின வாரமே அச்சாகி உறையில் காத்திருந்தன. பயிற்றுநரின் கையொப்பம் மட்டும் மிச்சம். டாக்டர் மைஸா ஒன்றே ஒன்றை உருவி, கையொப்பமிட்டு இன்ஸாஃபிடம் நீட்டினார்.

ஷவ்கி பொங்கினார். "இது என்ன நியாயம் டாக்டர்? கள்ளக் கையெழுத்துப் போட்டவங்களுக்கே சான்றிதழா?"

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. நல்லவங்கன்னு எழுதல. வந்தாங்கன்னுதான் எழுதியிருக்கு."

"அப்போ தண்டனை?"

"அதுக்கு நான் அறிக்கை எழுதணும். முதல் வரி 'நேத்து நான் வரல'ன்னு இருக்கும். ரெண்டாவது வரிக்கு என் கை நகரமாட்டேங்குது." பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

ஆகஸ்ட் மாதத்து வெயிலில் எங்கள் முப்பத்தெட்டுப் பேருக்கும் மறுபயிற்சி வைத்தார்கள். கதவருகே மேசை போட்டுப் பதிவேட்டைக் காக்கும் பொறுப்பை அலுவலகம் புதிய முதுநிலை ஆசிரியையிடம் ஒப்படைத்திருந்தது. முதல் நாள் பத்து மணிக்கு ஷவ்கி மெல்ல அவரருகே போய்க் குனிந்தார்.

"அப்லா, வீட்டுல ஒரு சின்ன வேலை. மத்தியானக் கையெழுத்து மட்டும்..."

"தாராளமாப் போங்க உஸ்தாஸ்," என்றார் இன்ஸாஃப். "ஆனா உங்க கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு."

ஷவ்கி திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாளும் உட்கார்ந்திருந்தார்.