மூன்று கோபுரங்களுக்கு நடுவில் ஒரு ஸ்கேனர்

எல்டன் சிகோரா ஒரு வருஷமாக மார்லிஸின் அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கோதுமை லாரியை எடைமேடையில் நிறுத்துவான். சன்னல் வழியாகக் கையை நீட்டி எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். உள்ளே சுவரில் விவசாயிகளின் காப்பிக் கோப்பைகள் ஆளுக்கொன்றாய் ஆணியில் தொங்கும். எல்டனுடையது பச்சைக் கோப்பை. அதில் படிகிற தூசியைத் துடைத்துத் துடைத்து மார்லிஸுக்குக் கை வலித்ததோ இல்லையோ, மனசு வலித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன்.

நடந்தது இதுதான். போன ஜூலையில், லாரி வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்த எல்டன் உள்ளே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே அலமாரியில் இருந்த, தீயணைப்புக்காரர்களின் ரேடியோப் பேச்சைப் பிடித்துத் தருகிற ஸ்கேனர், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற ஆள்போல் களகளவென்று என்னவோ சொல்லியது. "உன் பொட்டிக்கு சளி பிடிச்சிருக்கு, மார்லிஸ். கஷாயம் வெச்சுக் குடு" என்றான் எல்டன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் களகளப்பு சொல்லிக்கொண்டிருந்தது எல்டனுடைய வயல் எரிகிறது என்ற செய்தியை. சன்னலில் புகை தெரிந்தபோது நூற்று அறுபது ஏக்கரில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. கோப்பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவன்தான்.

கான்சாஸில் அந்தப் பக்கத்துக்குத் தீயணைப்பு வண்டி வர வேண்டுமானால் பதினெட்டு மைல் வர வேண்டும். வருகிறவர்களும் மெக்கானிக், வாத்தியார் என்று பிழைப்பைப் போட்டுவிட்டு ஓடிவருகிற ஊர்க்காரர்கள்தான். அதனால் அறுவடை மாதத்தில் ஒவ்வொரு விவசாயியும் டிராக்டரில் சட்டிக் கலப்பையைப் பூட்டி வயலோரத்தில் தயாராக நிறுத்தியிருப்பான். எங்கே தீ என்று காதில் விழுந்ததும், யார் வயல் என்று கேட்காமல் ஓட்டிக்கொண்டு போவான். தீயைச் சுற்றி மண்ணைப் புரட்டிப் போட்டால் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. ஆனால் முதலில் காதில் விழ வேண்டுமே! அந்தக் காது மார்லிஸ். கிரெஸ்லி கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடை போடுகிறவள். ஸ்கேனரில் கேட்பதை வயர்லெஸ்ஸில் எல்லா லாரிக்கும் சொல்லிவிடுவாள். இருபது வருஷம் இது பிசகவில்லை. மாவட்டம் பழைய ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புத்தம் புது டிஜிட்டல் முறைக்கு மாறியதும்தான் ஊரெல்லாம் களகளப்பு ஆரம்பித்தது.

குளிர்காலம் முழுக்க மார்லிஸ் படித்தாள். விஷயம் விளங்கியது. புது முறையில் மூன்று கோபுரங்கள். மூன்றும் ஒரே பேச்சை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசும். ஒரு கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு மூன்றும் இம்மி முன்னே பின்னே வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். கிரெஸ்லி, வைத்து அளந்தாற்போல், மூன்றுக்கும் நட்டநடுவில் இருந்தது.

மார்ச் மாதம் நகரத்துக்குப் போய் ரேடியோக் கடைக்காரரைப் பிடித்தாள். அவர் பெரிய திரையும் ஐம்பது பொத்தானும் உள்ள ஸ்கேனரைத் தட்டிவிட்டு, "கேளுங்கம்மா, கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்றார்.

"இங்க கண்ணாடிதான். டவர் உங்க கடைக்குப் பின்னாடியே நிக்குதே. எங்க ஊர்ல மூணு டவர் மூணு பக்கத்துல இருந்து கத்துது. அங்க வெச்சுக் கேட்டாத்தான் தெரியும் யோக்கியதை. மூணு மாதிரி குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"மூணையும் எடுத்துட்டுப் போனா எப்படிம்மா?"

"பிடிக்காதது திரும்பி வரும். அட்டையைக்கூடக் கிழிக்க மாட்டேன்."

இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போகும்போது, பின் அலமாரியிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்து, "மூணாவதா இதை எடுத்துக்கங்க. யாரும் வாங்குறதில்ல, அழகா இல்லேன்னு. ஆனா நீங்க சொல்ற குழப்பத்துக்குன்னே செஞ்சது" என்றார்.

மூன்றையும் எடைமேசைமேல் வரிசையாக வைத்தாள். திங்கள் காலை பத்து மணிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை பதினொரு தீயணைப்பு நிலையங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். முதல் ஸ்கேனரில் நாலு பெயர் கேட்டது. ஐம்பது பொத்தான் பெரியவரில் ஆறு. சோப்புப் பெட்டியில் ஒன்பது. மார்லிஸ் அதைத் தூக்கி, கிடங்கின் கான்கிரீட் சுவரை ஒட்டிய மூலையில் தரையோடு தரையாக வைத்தாள். அந்தச் சுவர் இரண்டு கோபுரங்களை மறைத்தது. அடுத்த திங்களன்று பதினொன்றும் கேட்டது. ஐம்பத்தாறு வயதில் தனியாக நின்று ஒரு குதி குதித்தாள். யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

கூட்டுறவுத் தலைவர் டெல்பர்ட் உன்ரூ வந்து பார்த்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

"என்னம்மா இது, கேரேஜ் கதவு திறக்கிற ரிமோட்டா? ஒரு பொத்தான்கூட இல்லையே."

"பொத்தானை வெச்சு நெருப்பை அணைக்கப் போறீங்களா?"

"பெரிய பொட்டியே நல்ல பொட்டிதான். குறை ஏரியல்ல இருக்கு. கிடங்கு உச்சியில ஒண்ணைக் கட்டு, நெப்ராஸ்கா வரைக்கும் கேக்கும்."

அந்தச் சமவெளியில் பிறந்த எவனும் அப்படித்தான் சொல்வான். டிவி தெரியவில்லையா, இன்னொரு குழாயைச் செருகி ஏரியலை உயர்த்து. வானிலை கேட்கவில்லையா, இன்னும் உயர்த்து. மூன்று தலைமுறையாகப் பலித்த வைத்தியம்.

"எல்லாம் கேக்குறதுதான் டெல்பர்ட் இங்க வியாதியே! உச்சியில வெச்சா மூணு டவரும் நேரா மூஞ்சியில வந்து அடிக்கும். நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு."

"நான் உங்கப்பா காலத்துல இருந்து ஏரியல் கட்டுறவன்மா."

கட்டினார். இரண்டு ஆள் வைத்து, நூற்று முப்பது அடி உயரத்தில், தேர்க்கொடி மாதிரி. கீழே கம்பியை இழுத்து ஐம்பது பொத்தான் பெரியவருக்குக் கொடுத்தார். திங்களன்று பதினொன்றில் இரண்டு பெயர் கேட்டது. டெல்பர்ட் காதைச் சொறிந்தார். "ஈரக் காத்தா இருக்கும்."

"மழை பெஞ்சு மூணு வாரம் ஆச்சு."

தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அறுவடை முடியும் வரை இரண்டுமே இருக்கட்டும் என்று நிர்வாகக் குழு மழுப்பியது. மார்லிஸுக்கு ஒரே கேள்விதான். இந்த வருஷமும் ஒருவன் இங்கே நின்று சிரித்துக்கொண்டிருக்க, அவன் வயல் எரிந்தால்? அதற்கப்புறம் அவள் எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவாள்?

அறுவடையின் மூன்றாம் நாள். வெயில் கொளுத்தியது, தெற்குக் காற்று பிய்த்தெடுத்தது. வெளியே ஒன்பது லாரி வரிசை. டெல்பர்ட் உள்ளே கோப்பையும் கையுமாக விலைநிலவரம் பேசிக்கொண்டிருந்தார். எடைமேடையில் எல்டனின் லாரி. சன்னலில் நீட்டிய கை. அப்போது அபாய ஒலி வந்தது. அலமாரியில் பெரியவர் களகளவென்று கொப்பளித்தார். மூலையில் சோப்புப் பெட்டி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற பெண்போல் சொன்னது:

"கோதுமை வயல்ல தீ. கே ரோடும் நூத்தி நாப்பதாவது ரோடும் சேர்ற இடம், வடகிழக்கு மூலை. கம்பைன் எரியுது. தெற்குக் காத்து."

டெல்பர்ட்டின் கோப்பை பாதி வழியில் நின்றது. அது அவருடைய வயல். கம்பைன் என்கிற அறுவடை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் மகள் ட்வைலா. கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்டபோது அவர் கதவைத் தாண்டியிருந்தார்.

மார்லிஸ் ஏற்கெனவே வயர்லெஸ்ஸைப் பிடித்திருந்தாள். "எல்லாரும் கேளுங்க! டெல்பர்ட் வயல்ல தீ! கேயும் நூத்தி நாப்பதும்! கலப்பை வெச்சிருக்கிறவங்க எல்லாம் கிளம்புங்க!" திரும்பினால் சன்னலில் எல்டன். அவனும் முழுசாகக் கேட்டிருந்தான். போன வருஷம் தனக்கு யாரும் வரவில்லை என்பது அவன் கண்ணில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான்.

"என் டிராக்டர் அங்கதான் அரை மைல்ல நிக்குது. உன் பிக்கப் வண்டிக்கு சாவி?"

"வண்டியிலயே இருக்கு. பற, எல்டன்!"

லாரியை எடைமேடையிலேயே விட்டுவிட்டுப் பறந்தான்.

அதற்கப்புறம் மார்லிஸ் உட்காரவில்லை. சோப்புப் பெட்டி சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். முதலில் வந்த நல்ல செய்தியை ஒரே ஆளுக்காக அனுப்பினாள்: "டெல்பர்ட், ட்வைலா வெளிய வந்துட்டா. ரோட்டுல நிக்கிறா. ஒரு காயம் இல்ல." பிறகு, "காத்து திரும்பிடுச்சு, மேற்கில இருந்து அடிக்குது! தீ கிழக்க போகுது, வடக்க இருக்கிறவங்க கிழக்குப் பக்கம் ஓடுங்க!" என்று கத்தினாள். பதினொரு டிராக்டர்கள் கிழக்கே திரும்பின. ஒரு சொல் தவறவில்லை. ஒரே ஒரு சொல்கூடத் தவறவில்லை!

இருபத்திரண்டாம் நிமிஷம் தீயணைப்பு வண்டி வந்தபோது, உழுத மண் வளையத்துக்குள் முப்பது ஏக்கர் கருகி அடங்கிக் கிடந்தது. வெளியே நானூறு ஏக்கர் பொன்னாக நின்றது. கம்பைன் போயிற்று, போகட்டும். முதல் சால் எல்டன் போட்டது.

சாயங்காலம் லாரிகள் ஒவ்வொன்றாக எடைமேடை ஏறும்போது ஹாரனை அலறவிட்டுக்கொண்டே வந்தன. மார்லிஸ் ஒவ்வொன்றுக்கும் கையை ஆட்டினாள். வெற்றி வெற்றிதான், அதில் அடக்கமென்ன வேண்டியிருக்கிறது!

டெல்பர்ட் கரி படிந்த முகத்தோடு வந்தார். அலமாரியில் இருந்த பெரியவரின் கம்பியைப் பிடுங்கினார். சோப்புப் பெட்டியைத் தூக்கி அந்த இடத்தில் வைக்கப் போனார்.

"ஐயோ, வேண்டாம்! மூலையிலயே இருக்கட்டும். அங்கதான் அதுக்குக் காது கேக்கும்."

பூ மாதிரி திரும்ப வைத்தார். "இந்தப் பெரிசை என்ன செய்ய?"

"கடைக்காரருக்கே குடுங்க. அவர் கடையில கண்ணாடி மாதிரி கேக்கும்."

"உச்சியில இருக்கிற ஏரியலு?"

"இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டலாம்."

டெல்பர்ட் சிரிக்கப் பார்த்தார். பாதியில் அழுகை வந்துவிட்டது. தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவர் திறந்த கதவு மூடவில்லை. எல்டன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். புருவம் பொசுங்கியிருந்தது. சாவியை மேசைமேல் வைத்தான். சன்னல் வழியாக நீட்டியிருக்கலாம். உள்ளே வந்து வைத்தான். சுவரைப் பார்த்தான். பச்சைக் கோப்பையை எடுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவினான். தூசி இல்லை. காப்பியை ஊற்றிக்கொண்டு அதே பழைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட வை."

மார்லிஸ் கூட வைத்தாள். கட்டுப்பாட்டு அறைப் பெண், யாருடைய மாடுகளோ வேலியைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏழு மாடாம்" என்றான் எல்டன்.

"ஆமா, ஏழு" என்றாள் மார்லிஸ். "அதுல ஒண்ணு கன்னுக்குட்டி."