எல்லைக்கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்

1

உலக நாடுகள் அனைத்துக்கும், அவற்றின் மந்திரிகள், தளபதிகள், ஓய்வுபெற்ற தளபதிகள், தொலைக்காட்சியில் மாலைதோறும் போர் தொடுக்கும் நிபுணர்கள் ஆகியோருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: தலைமுறை தலைமுறையாகத் தீராத கிழக்கு நாடு, மேற்கு நாடு எல்லைத் தகராற்றின் உண்மைக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அனைவரும் எழுந்து நிற்கவும்.

(போதும், உட்காரலாம்.)

நடந்தது இதுதான். ஒரு மாதப் பத்திரிகை ஆசிரியர் சிறப்பிதழுக்காக என்னிடம் கட்டுரை கேட்டார். தலைப்பு: அண்டை நாடுகளின் எல்லைத் தகராறுகளுக்கான காரணங்கள்.

"கனமா இருக்கணும் சார்," என்றார்.

"எவ்வளவு கனம்?"

"படிச்சா தலை வலிக்கணும். ஆனா கடைசி வரைக்கும் படிக்கணும்."

நிஜ நாடுகளை வைத்து எழுதலாமா என்று யோசித்தேன். எந்த நாட்டை எழுதினாலும் அந்த நாட்டுக்காரர் ஒருவர் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்; அவருடைய மைத்துனர் நம் அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறார். ஆகவே இரண்டு நாடுகளை நானே உண்டாக்கினேன். பெயர் வைக்கச் சோம்பல். ஒன்று கிழக்கு, இன்னொன்று மேற்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"வரலாற்றின் மூடுபனிக்குள் எங்கோ, இரு பேரரசுகளின் வாட்கள் உரசிய அந்தக் கணத்தில்–"

(நிறுத்தினேன். வாள் உரசியதும் பின்னணி இசை கேட்க ஆரம்பித்துவிட்டது.)

இரண்டாம் முயற்சி:

"ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டபோதுதான்–"

(எல்லாப் பழியையும் ஆற்றின் மேல் போடுகிறோம். அது மறுப்பு அறிக்கை விடாது என்கிற தைரியம்.)

மூன்றாம் முயற்சி:

"புவிசார் அரசியல் நோக்கில், வளங்களின் சமச்சீரற்ற பகிர்வானது–"

இந்த வாக்கியத்தின் நடுவில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது எதிரே என் மனைவி உட்கார்ந்து, நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பல் மருத்துவர். எதைப் படித்தாலும் சொத்தை எங்கே என்றுதான் முதலில் தேடுவாள்.

"ஏங்க, அந்த இடத்துல குடியிருக்கிறது யாரு?"

"எந்த இடத்துல?"

"சண்டை போடற இடத்துல."

"யாரும் இல்லை. அது ஒரு வெற்று நிலம்."

"ஒருத்தர்கூட இல்லாத இடத்துக்கா இத்தனை பக்கம்? பல் வலின்னு வர்றவங்ககிட்ட நான் பல்லோட பூர்வீகத்தையா கேக்கறேன்? எங்க வலிக்குதுன்னு கேக்கறேன். வலிக்கிற ஆள் ஒருத்தரைப் போடுங்க."

போட்டேன்.

3

அவள் ஒரு தையல்காரி. நடுவயது. கணவன் இல்லை. (இறந்துவிட்டானா, ஓடிவிட்டானா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை என்பதால் நான்தான் அனுப்பிவிட்டேன்.) இரண்டு நாடுகளும் தங்களுடையது என்று சொல்லும் அந்தத் துண்டு நிலத்தில் இருக்கும் ஒரே வீடு அவளுடையது. ஒரே அறை, ஓட்டுக் கூரை, ஒரு கதவு. ஜன்னல் இல்லை.

ஜன்னல் ஏன் இல்லை? அவளுடைய மாமனார் அதை வைக்கோல் போட்டுவைக்கக் கட்டினார். பிறகு குடிவந்தார். ஜன்னல் வைக்கலாம் என்று நினைத்தபோது இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டன: தகராறு தீரும்வரை அந்த நிலத்தில் இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும். புதிதாக எதையும் கட்டக்கூடாது, நீக்கக்கூடாது, திறக்கக்கூடாது. பழுது பார்க்க மட்டும் அனுமதி.

முதல் வரைவில் அவளை இருட்டு அறையில் கண்ணீரோடு உட்காரவைத்தேன். நானே உருகிவிட்டேன். மனைவி உருகவில்லை.

"ஊசி கோக்கறவ எதுக்கு அழறா? கண்ணு கலங்கினா நூல் நுழையாது. அவளுக்கு வெளிச்சம்தானே வேணும்? போய்க் கேக்கச் சொல்லுங்க."

கண்ணீரை அடித்துவிட்டேன். பார்த்தால், அழாத தையல்காரி என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாள்.

அவளுடைய வாடிக்கையாளர்கள் இரண்டு நாட்டு எல்லைக் காவல் படையினரும்தான். கிழக்கு நாட்டுச் சீருடையின் பித்தளைப் பொத்தானில் காண்டாமிருகம், மேற்கு நாட்டுப் பொத்தானில் பருந்து. ஒரு மழைக்காலத்தில், கதவைச் சாத்திய இருட்டில், மேற்கு நாட்டுத் தளபதியின் கோட்டில் வரிசையாகக் காண்டாமிருகங்களைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு அணிவகுப்பு மரியாதையை ஏற்றார். எதிரி நாட்டு மிருகங்களைத் தொப்பைமேல் சுமந்தபடி, தாய்நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று முழங்கினார்.*

\* வரலாற்று நூல்களில் இது "பொத்தான் நெருக்கடி" எனப்படும். வரலாற்று நூல்களை நான் இன்னும் எழுதவில்லை.

இரு பக்கமும் பீரங்கிகள் திரும்பின. பொத்தான்களைப் பிரித்து மாற்றித் தைத்த பிறகுதான் பீரங்கிகள் பழையபடி திரும்பின. இரு தளபதிகளும் சேர்ந்து அவளை எச்சரித்தார்கள்: இன்னொரு முறை நடந்தால் தையல் மெஷினைப் பறிமுதல் செய்வோம். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு நாடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது.

அடுத்த மழைக்காலம் வரப்போகிறது. அவள் கண்ணும் முன்போல் இல்லை. வெளிச்சம் வராவிட்டால் மெஷின் போய்விடும். இந்தக் கதையில் மற்றதெல்லாம் சும்மா.

4

தலைவலி வேண்டும் என்ற ஆசிரியருக்காக இங்கே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கதைக்குள் இருக்கும் யாருக்கும் இது தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

நாடுகள் பிரிந்த காலத்தில் எல்லையைக் குறிக்க ஆளுக்கு ஓர் அளவையாளரை அனுப்பின. இருவரும் தொழிலில் புலிகள். ஆனால் யாருடைய அளவைக் கருவி உயர்ந்தது என்று முதல் வாரமே சண்டை போட்டுக்கொண்டதால், ஒருவர் காலையிலும் மற்றவர் மதியத்துக்கு மேலும் வந்து அளந்தார்கள். கூலியாட்கள் கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். இவர்கள் வந்து அளப்பார்கள். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று, கடைசிக் கல் வரைக்கும்.

கடைசிக் கல்லை ஒரு பெரிய மரத்தடியில் நட வேண்டும். கூலியாட்கள் அதை வண்டியிலிருந்து மரத்தருகே தள்ளிவிட்டு, நாளைக்கு நடலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசி நாள் வேலை எப்படி நடக்கும் என்று அலுவலகம் போகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அளவையாளர்கள் கருவி கொண்டு போவார்கள், முக்காலி கொண்டு போவார்கள். முக்காலி கருவி உட்கார. கருவிக்கு வெயில் படக்கூடாது என்று குடைகூட உண்டு. தாங்கள் உட்கார மட்டும் எதுவும் கொண்டு போவதில்லை; கிடைக்கிற கல்லில் உட்காருவது தொழில் வழக்கம். மறுநாள் கூலியாட்கள் வரவில்லை; கிழக்கு நாட்டுக்காரர் காலையில் வந்தார். மர நிழல் மேற்கே நீண்டு கிடந்தது. கல்லை நிழலுக்கு உருட்டி, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவினார். கல் இருக்கும் இடத்தை மிகத் துல்லியமாக அளந்து வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனார்.

மதியத்துக்கு மேல் மேற்கு நாட்டுக்காரர் வந்தார். இப்போது கல் நல்ல வெயிலில். நிழல் மரத்தின் கிழக்கே. கல்லை அங்கே உருட்டினார், சாப்பிட்டார், கை கழுவினார். அதே துல்லியம்.

(மரத்தையே குறித்திருக்கலாமே என்பீர்கள். மரம் பட்டுப்போகும், கல் அசையாது என்பது அவர்கள் படித்த பாடம். மரமும் சொன்னபடியே பட்டுப்போயிற்று.)

ஆக, கிழக்கு நாட்டு வரைபடத்தில் எல்லை மேற்கே தள்ளி இருக்கிறது. மேற்கு நாட்டு வரைபடத்தில் கிழக்கே தள்ளி இருக்கிறது. நடுவே ஒல்லியான ஒரு முக்கோணம் இரண்டு பேருக்கும் சொந்தம். அதற்காகத்தான் இத்தனை தேசபக்திப் பாடல்கள். கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. தையல்காரி அதில் துணி துவைக்கிறாள்.

5

ஜன்னல் கேட்ட விண்ணப்பத்தை விசாரிக்க இரு நாட்டு ஆணையர்களும் வந்தார்கள். வீட்டுக்குள் இடம் போதாததால் வாசலில் மேசை. மேற்கு நாட்டு ஆணையர் தொண்டையைச் செருமினார்.

"எந்தப் பக்கம்மா ஜன்னல் கேக்கறே?"

"கிழக்குச் சுவத்துலங்க. காலை வெளிச்சம் வரும்."

"வெளிச்சம் எங்கேருந்து வரும்?"

"சூரியன்லேருந்துங்க."

"கிழக்கு நாட்டு வழியா வரும்னு சொல்லு. அதாவது இறக்குமதி. இதை நாங்க எப்படி ஒத்துக்கறது?"

கிழக்கு நாட்டு ஆணையர் புன்னகைத்தார். "எங்க வெளிச்சத்தை நாங்க தாராளமா தர்றோம்."

"பாத்தியா! எங்க வெளிச்சமாம்!"

"சரிங்க சார்," என்றாள் தையல்காரி, "மேற்குச் சுவத்துலயே வச்சுக்கறேன். மத்தியானத்துக்கு மேல தைக்கிறேன்."

"மேற்குப் பக்கமா?" கிழக்கு நாட்டு ஆணையரின் புன்னகை போய்விட்டது. "அப்ப நீ தினமும் அவங்க நாட்டைப் பார்த்துக்கிட்டு உக்காருவே. நாளைக்கு அதையே சாட்சியா காட்டுவாங்க."

"நான் துணியைத்தாங்க பாப்பேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் இருவரும் மேசையை மடித்தார்கள். கிழக்கு நாட்டுச் சிப்பாய்க்கு அவள் வைத்த பெயர் குண்டு, மேற்கு நாட்டுச் சிப்பாய்க்கு மீசை. இருவருக்கும் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துவிட்டது அவள்தான்.

6

இனி முடிவு.

முடிவு அ: போர் மூள்கிறது. ஆசிரியருக்கு இதில்தான் ஆசை, அட்டைப்படம் கிடைக்கும். இரண்டு பத்தி எழுதினேன். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று பார்த்தேன். மொத்த நிலத்திலும் ஒரே வீடு. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: சமாதானம். தலைவர்கள் தழுவிக்கொண்டு, கல்லைக் கண்டுபிடித்து, நிலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். அளந்து பார்த்தேன். கோடு அறையின் நடுவே போகிறது. மெஷின் ஒரு நாட்டிலும் அவள் நாற்காலி இன்னொரு நாட்டிலும். சமாதானத்தையும் அடித்துவிட்டேன்.

முடிவு இ-யை நான் எழுதவில்லை. மனைவி நோயாளி பார்க்கப் போயிருந்த நேரத்தில், என்னைக் கேட்காமலே தையல்காரி நடத்திக்கொண்டாள்.

"மீசைத் தம்பி, கூரையில ஓடு உடைஞ்சா மாத்தலாமா?"

"மாத்தலாம்க்கா. பழுது பார்க்க அனுமதி இருக்கே."

"கண்ணாடி ஓடு போடலாமா?"

"ஓடுன்னுதான் போட்டிருக்கு. என்ன ஓடுன்னு போடலை." அண்ணாந்து பார்த்தான். "ஆனா உங்க கூரையில ஒண்ணும் உடையலையேக்கா."

அவள் குண்டுவைப் பார்த்தாள். குண்டு குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தான். சத்தம் கேட்டது.

"அடடா, உடைஞ்சிருச்சேக்கா!" என்றான் மீசை. "எப்ப உடைஞ்சது?"

"போன மழையிலயே," என்றான் குண்டு. "நான் பாத்தேன்."

இருவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு கால். அவள் ஏறி, மெஷினுக்கு நேர்மேலே கண்ணாடி ஓட்டைப் பதித்தாள். கீழே இறங்கிப் பார்த்தால், வெளிச்சம் சதுரமாக மெஷின்மேல் விழுந்து கிடந்தது. ஒரு பொத்தானை எடுத்துக் காட்டினாள்.

"காண்டாமிருகம். கொம்புகூடத் தெரியுது."

"எங்க பருந்து தெரியுதாக்கா?"

"கொஞ்சம் மொக்கையா இருக்கு தம்பி. தெரியாமலே இருந்திருக்கலாம்."

7

கதையை இங்கேயே முடித்திருப்பேன். மாலையில் மனைவி வந்து படித்துவிட்டு, "வெளிச்சம் இப்ப மேலேருந்து வருதுல்ல? அந்த வானம் எந்த நாட்டுது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். இரு தலைநகரங்களிலும் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. வான் எல்லைக் கூட்டு ஆணையம் அமைக்கப்பட்டுவிட்டது. கல்லை எறிந்தது கிழக்கு நாட்டுக் கை, ஏணிக்காலைப் பிடித்தது மேற்கு நாட்டுக் கை என்று பூர்வாங்க அறிக்கை சொல்கிறது. ஆணையம் புறப்பட்டுவிட்டது, கண்ணாடி ஓட்டைக் கழற்றச் சொல்வதா, நாடுகளின் பெருந்தன்மைக்கு அடையாளமாக விட்டுவைப்பதா என்று வழியிலேயே விவாதிக்கிறது.

என்ன சொல்லும்? எனக்குத் தெரியாது. நான் சொன்னால் ஏதாவது ஒரு நாட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பார்கள். ஆகவே வாசகரே, முடிவை உங்கள் கையில் தருகிறேன். ஆணையத்தை அவள் வாசல் வரை அழைத்துவந்து, கதவைத் தட்டச் சொல்லி, உள்ளே நடப்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாந்த நேயம், வரலாற்றின் தீர்ப்பு, ஒளியின் வெற்றி, எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதுமுன் ஒன்று: மழை ஆரம்பித்துவிட்டது, கண்ணாடி ஓடு ஒழுகுகிறது.