பதினோரு மணிக்குள் டேங்க் காலி

ஏணியின் கடைசிக் கம்பியில் கால் வழுக்கியது. சுகந்தி இரண்டு கையாலும் கைப்பிடியைக் கவ்விக்கொண்டாள். கீழே பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாள்.

மணி ஏழேகால். கிராம சபை பதினோரு மணிக்கு.

மேல்நிலைத் தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தாள். தண்ணீர் மினுங்கியது.

"அடப்பாவிகளா!"

ஒத்தப்பனையேந்தலில் இந்த டேங்க் கட்டி இரண்டு வருடம். இதுவரை ஒரு சொட்டு வந்ததில்லை. நூற்று நாற்பது வீட்டு வாசலிலும் நீலக் குழாய் முளைத்து நின்றது, ஆடு கட்டுவதற்கு. குடிக்கும் தண்ணீர் டிராக்டரில்தான் வரும். அதுவும் பரளச்சி ரோட்டில் வண்டி பஞ்சரானால் வராது.

இன்று மே தினக் கிராம சபை. எம்.எல்.ஏ. வருகிறார். 'எல்லா வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது' என்று தீர்மானம். ஊர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஃபைல் மூடப்படும். அப்புறம் ஆயுசுக்கும் டிராக்டர்தான்.

எம்.எல்.ஏ. முன்னாலேயே குழாயைத் திறந்து காற்றைக் காட்டுவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. அந்தத் திட்டம்தான் இப்போது இந்தத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. நேற்று மத்தியானம் எல்லோரும் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க் கரையில் இருந்தபோது லாரி ஒன்று வந்து போனதாக அரசல்புரசலாகக் கேட்டது நிஜம்தான்.

மூடியைப் போடப் போனவள் நின்றாள். டார்ச் வெளிச்சம் உள்பக்கச் சுவரில், இடது ஓரமாக விழுந்திருந்தது. அங்கே ஒன்றைப் பார்த்தாள். இன்னும் குனிந்து பார்த்தாள்.

சிரிப்பு வந்தது. போட்டோ எடுக்கலாமா? எடுத்தால் அது வேறு ஊர் டேங்க் என்பார்கள். யாரிடமாவது சொல்லலாமா? காற்றுவாக்கில் காண்ட்ராக்டர் காதுக்குப் போனால், பதினோரு மணிக்கு அது அங்கே இருக்காது.

வாயை மூடிக்கொண்டு இறங்கினாள்.

கீழே அவள் புருஷன் பாண்டீஸ்வரன் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றான். டேங்க் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்.

"ஏ புள்ள, யாராச்சும் பார்த்தா என் வேலை போயிரும்."

"எத்தன லோடு?"

தலையைச் சொறிந்தான். "ஒண்ணு. பன்னண்டாயிரம் லிட்டரு. மேல மூடி வழியா ஓஸ விட்டு ரொப்புனாக. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு காண்ட்ராக்டர் சொன்னாரு."

"அதான் எங்கிட்டயும் சொல்லலையாக்கும். வால்வு சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"கொழம்பு வைக்க."

"வெளையாடாத. அவுக வந்து ரிப்பன் வெட்டுனதும் மேடைக்கிட்ட ஒரே ஒரு குழாயத் தொறக்கணும். அதான் உத்தரவு."

"அதுக்கு முந்தி நூத்தி நாப்பதையும் தொறக்கணும். இது ஊரு உத்தரவு. பத்து நாளா என்ன வேலை பார்த்தீக? வராத தண்ணிக்கு வால்வு தொடச்சீக!"

அவன் இடுப்பிலிருந்து சாவியை உருவினான். அவள் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. வால்வுக் குழிக்குள் தானே இறங்கிக் குந்தினான்.

"நீ திருகுனா மரை போயிரும். தள்ளு."

நூறு நாள் வேலைக்கு மேட் தங்கத்தாய். இருநூறு பேரைக் கரையில் வரிசையாக நிறுத்தி வேலை வாங்கும் குரல். சுகந்தி லாரித் தண்ணீர் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அந்தக் குரல் தெருவில் இறங்கிவிட்டது.

"எல்லாரும் ஒண்ணா தொறந்தீகன்னா கடைசித் தெருவுக்குக் காத்துதான் வரும். தெருத் தெருவா தொறங்க! வீட்டுக்கு ஆறு குடம். ஒரு சொட்டு மண்ணுல போச்சு, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

ஆடுகள் அவிழ்க்கப்பட்டன. குழாய்கள் இருமின, துருவைத் துப்பின, அப்புறம் தண்ணீரைக் கக்கின. குடம், அண்டா, மாட்டுத் தொட்டி, கல்யாணச் சட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன.

சந்தனம்மாளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "ஏ தங்கத்தாயி, வராத தண்ணி வந்துருக்கு. டேங்குலயே கெடந்தா நாளைக்கும் ஆகும்ல?"

"நாளைக்கு இருக்கும் மதினி. நாளான்னைக்கு? பேத்தி கல்யாணத்துக்கு லாரிக்காரனுக்குப் பத்திரிகை வைப்பியா?"

சந்தனம்மாள் அடுத்த நிமிஷம் ஏழாவது குடத்தோடு நின்றாள். "ஆறுதான்!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

பத்தே காலுக்கு வடக்குத் தெருவின் கடைசிக் குழாய் கொட்டாவி விட்டது. அதே நேரம் காண்ட்ராக்டர் நவநீதகிருஷ்ணனின் ஜீப் ஊருக்குள் திரும்பியது.

"ஆட்டக் கட்டுங்க!"

ஜீப் தெருவைக் கடந்தபோது எல்லாக் குழாயிலும் ஆடு நின்று இலை தின்றுகொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பதினொன்றரை. வேப்பமரத்தடியில் பந்தல். எம்.எல்.ஏ. ரிப்பனை வெட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி குழாயைத் திருகினார்.

புஸ்.

சிரிப்பு அப்படியே இருந்தது. இன்னொரு தடவை திருகினார். புஸ்.

"ஏர் லாக் சார்," என்றார் நவநீதகிருஷ்ணன்.

"மோட்டாரப் போடச் சொல்லுங்க," என்றாள் தங்கத்தாய்.

"கரண்ட் இல்லம்மா."

"அப்ப உங்க தலைக்கு மேல ஃபேனு எதுல சுத்துது, பக்தியிலயா?"

பந்தல் குலுங்கியது. நவநீதகிருஷ்ணன் பாண்டீஸ்வரனைப் பார்த்தார். அவன் வேப்பமரத்து உச்சியைப் பார்த்தான். அவருக்குப் புரிந்துவிட்டது.

"புடிச்சுட்டாங்க சார்! பன்னண்டாயிரம் லிட்டர், நேத்து நானே லாரியில..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். தாமதமாக.

"லாரியிலயா? சொல்லுங்க சார், கேக்குறோம்," என்றாள் தங்கத்தாய்.

"அது... டெஸ்டிங். லைன் பக்காவா இருக்கு. போன மாசம் பூரா இதே குழாயிலதான் தண்ணி ஏறுச்சு. ரெக்கார்டு இருக்கு."

எம்.எல்.ஏ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சின்ன ரிப்பேர்தானே? சாயங்காலம் வந்துரும். தீர்மானத்தை முடிச்சுருவோம். செக்ரட்டரி, நோட்டை அனுப்புங்க."

நோட்டு முதல் வரிசைக்கு வந்தது. சந்தனம்மாள் முன்னால் மை டப்பாவோடு நின்றது. அவள் வலது கையை நீட்டினாள். கட்டை விரலை உள்ளே மடக்கி, நாலு விரலால் மூடிய கை.

"விரலைக் குடுங்கம்மா," என்றார் செக்ரட்டரி.

"தண்ணியக் குடுங்கய்யா."

அடுத்தவளும் மூடினாள். அதற்கடுத்தவனும். நோட்டு கடைசி வரிசைவரை போய் வெள்ளையாகத் திரும்பி வந்தது. பந்தல் முழுக்க இருநூறு மூடிய கைகள்.

"இது அரசாங்க வேலைக்கு இடைஞ்சல்," என்றார் எம்.எல்.ஏ. குரல் ஏறியது. "ஓட்டுக் கேட்டு நான் வந்தப்ப மாலை போட்ட ஊரா இது?"

"அதே ஊருதான்," என்றாள் சுகந்தி, எழுந்து. "அடுத்த தடவையும் வருவீகள்ல, அதான் இன்னைக்கே கேக்குறோம். போன மாசம் பூரா தண்ணி ஏறுச்சுங்காரு. ஆபீஸு ஆளு ஒருத்தரு மேல ஏறிப் பாக்கட்டும். ஏறுன தடம் இருந்தா நானே மொதக் கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டோம். நீங்களும் உக்காருங்க."

வண்டிகள் போகிற வழியில் ஜனம் உட்கார்ந்திருந்தது. கேமராக்காரர் கேமராவை இறக்கவில்லை. எம்.எல்.ஏ. உட்கார்ந்தார்.

ஒன்றிய அலுவலக ஓவர்சியர் முகேஷ் எழுந்தார். நவநீதகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்தார். "தம்பி, ஏணி ஆடும்."

"நீங்க கட்டுனதுதானே சார்?"

கையை உதறிவிட்டு ஏறினார். சுகந்தி கீழேயிருந்து கத்தினாள். "மூடியத் தள்ளுங்க சார்! உள்ள, இடது பக்கச் சுவத்துல டார்ச்ச அடிங்க. தண்ணி ஏறி வந்து விழுகுற பைப்பு இருக்கும் பாருங்க!"

முகேஷின் தலை தொட்டிக்குள் குனிந்தது. ஒரு நிமிஷம் நிமிரவே இல்லை. கீழே இருநூறு கழுத்து அண்ணாந்திருந்தது.

தலை வெளியே வந்தது. உள்ளங்கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்.

"சார்! பைப்போட வாயில கம்பெனி மூடி மாட்டுனபடியே இருக்கு! பிளாஸ்டிக் மூடி! மேல ஒட்டுன ஸ்டிக்கரைக்கூட இன்னும் யாரும் கிழிக்கல சார்!"