பழைய லேப்டாப்புக்கு ஒரு லோடு டெஸ்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் தொட்டாலும் முழுச் சுமை ஏற்றிப் பார்க்காமல் விடமாட்டார். புதுக் கட்டில் வந்த அன்று பீரோவிலிருந்த துணியையெல்லாம் அதன்மேல் குவித்து, தானும் ஏறி உட்கார்ந்த மனிதர். இந்த முறை அவரிடம் மாட்டியது மனைவியின் லேப்டாப்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. வீட்டில் துப்பறியும் கதை எழுதுவாள். விஷத்தைப் பற்றி அவளுக்கா தெரியாது! மளமளவென்று ஓடிய கதை பாதியில் நின்றுபோனது. ஒரு எழுத்தைத் தட்டினால் திரையில் வர ஒரு யுகம் ஆகிறது என்று லேப்டாப்பை மூடியவள், "எனக்குக் கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவள் முகத்தில் களையே இல்லை. மெக்கானிக்குக்கு அதுதான் தாங்கவில்லை.

புதுசு வாங்கலாமென்றால், இந்தக் கீபோர்டில்தான் விரல் ஓடும் என்கிறாள். கடைசியில் மச்சினன்தான் வழி சொன்னான். "மிஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. உள்ள இருக்கிற சிஸ்டம்தான் கனம். லினக்ஸ்னு லேசான சிஸ்டம் இருக்கு, அதைப் போடுங்க, பறக்கும்." மூன்று பென்டிரைவில் மூன்று வகை கொடுத்தான். ஓட்டிப் பார்த்துப் பிடித்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சோதனை தொடங்கியது. பாட்டு, படம், இன்டர்நெட் பக்கங்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார். முதலாவது அசரவேயில்லை. மனைவி எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி? இதுல உட்கார்ந்தா கொலை வராது, கொட்டாவிதான் வரும்."

இரண்டாவது, அடடா, என்ன அழகு! இதமான நீலம், கண்ணை உறுத்தாத எழுத்து. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் சுமை ஏற ஏற லேப்டாப்புக்குள் ஃபேன் உறுமியது, திரை உறைந்தது. "ஃபெயில்" என்று பென்டிரைவைப் பிடுங்கினார் மெக்கானிக். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்றாவதில் வேகமும் சுமார், அழகும் சுமார். ஆனால் எவ்வளவு ஏற்றியும் நிற்கவில்லை. "இதையே போட்டுடலாம்மா, எதையும் தாங்கும்!" என்று கத்தினார்.

"உங்க இஷ்டம்."

கல்யாணமான எவனுக்கும் அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும். எழுந்து அடுப்படிக்கு ஓடினார்.

"சரி, உனக்கு எது வேணும்? சொல்லு."

"அந்த ரெண்டாவது."

"அது ஃபுல் லோடு தாங்கலையேம்மா, நீதானே பார்த்தே!"

"ஏங்க, இது என்ன பத்து மாடி லிஃப்டா? அதுல ஏறப்போறது நான் ஒருத்தி. ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து வச்சு எழுதப்போறேன். அதைத் தாங்குமா, தாங்காதா?"

காலையிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தவருக்கு, அவளை ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லையே! வெட்கமும் சிரிப்புமாக வந்தது. மறுபேச்சில்லாமல் இரண்டாவதையே ஏற்றி, பத்திரமாக எடுத்து வைத்திருந்த கதையையும் அதில் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் அவள் எழுத உட்கார்ந்தாள். முதலில் ஒவ்வொரு எழுத்தாகத் தயங்கித் தயங்கித் தட்டினாள். எழுத்து விரலோடேயே வந்தது. ஃபேன் மூச்சுக் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் படபடவென்று கேட்க ஆரம்பித்தது.

மெக்கானிக்கால் சும்மா இருக்க முடியவில்லை. வாசற்படியில் நின்று, "என்னம்மா, நல்லா ஓடுதா? டீ போடட்டுமா?" என்றார்.

"ஷ்ஷ்! இப்பத்தாங்க வருது. அந்தப் பக்கம் போங்க!" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விரட்டப்பட்ட சந்தோஷத்தில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய் ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.